புளியங்குடி வட்டாரத்தில் மனச்சோர்வும் அதற்குத் தேடிய துணையும்

புளியங்குடிக்குக் கிழக்கே சங்கரன்கோவிலில், கோமதி அம்மன் சன்னிதிக்கு எதிரே அமைந்த சக்கரக் குழியில் மனநலம் குன்றியோரை அமர்த்தி வேண்டுவதும், புற்றுமண்ணை மருந்தாகப் பூசுவதும் இவ்வட்டாரத்தின் நெடுநாள் வழக்கம். உறவினர் உடன் வந்து அருகிருப்பதே இவ்வழக்கத்தின் மெய்யான வலிமை. ஆயினும் வெளிப்படையாகக் கலங்கியோரை அடையாளம் கண்ட சமூகம், ஓசையின்றி வாடியோரை அவ்வளவு எளிதில் கண்டுகொண்டதாகத் தோன்றவில்லை.

அவ்வாறு ஓசையின்றி வாட்டும் மனச்சோர்வு, அதாவது இரண்டு வாரங்களுக்குக் குறையாமல் நீடிக்கும் துயரமோ நாட்டமின்மையோ, உறக்கக் கேடு, பசியின்மை, தீராத அசதி, காரணமற்ற குற்றவுணர்வு, சாகும் எண்ணம் ஆகியவற்றுள் சிலவற்றோடு கூடிய நோய், பலரிடம் உடல்வலியாகவும் படபடப்பாகவுமே முதலில் வெளிப்படுவதால், சோம்பல் என்று ஏசப்பட்டு மறைந்துபோகிறது; இது பெருங்கொடுமை.

மருத்துவத்தை நாட விரும்பியோருக்கும், சென்னையில் 1794இல் தோன்றிய மனநலக் காப்பகம் தென்கோடிக்கு எட்டாத தொலைவில் இருந்தது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில், தர்காவை நாடி வந்தோரைச் சங்கிலியில் பிணைத்து வைத்திருந்த தனியார் காப்பகம் தீப்பற்றி 28 பேர் மாண்ட பிறகே நாடு விழித்தது; 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுவதை முற்றிலும் தடைசெய்தது.

கோயிலுக்குச் செல்வோர் செல்லட்டும்; அத்துடன் மருத்துவரையும் நாடட்டும். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலிமானஸ் என்னும் தொலைபேசி மனநல உதவிச் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம்.