தரையிறங்கியதும் விமானம் உறுமுவது ஏன்? என்ஜின் வெளியேற்ற அமைப்பு செயல்படும் விதம்

விமானத்தின் சக்கரங்கள் ஓடுபாதையைத் தொட்ட சில விநாடிகளில் என்ஜின்களின் இரைச்சல் திடீரென உயர்வதைப் பயணிகள் பலரும் கவனித்திருப்பர். வேகத்தைக் குறைக்க வேண்டிய நேரத்தில் என்ஜின் ஏன் உறுமுகிறது என்ற கேள்விக்கான விடை, அதன் பின்பகுதியில் உள்ள வெளியேற்ற அமைப்பில் இருக்கிறது.

மோட்டார் வாகனங்களில் புகைக்குழாய் என்பது கழிவு வாயுவை வெளியே தள்ளும் வழி மட்டுமே. ஜெட் விமானத்தில் நிலைமை வேறு. என்ஜினுக்குள் உருவான ஆற்றல் விமானத்தை முன்னோக்கித் தள்ளும் விசையாக முழுமை பெறுவதே வெளியேற்றப் பகுதியில்தான். விமானத்தின் வேகம், எரிபொருள் செலவு, இரைச்சல், பாதுகாப்பு ஆகிய நான்கும் இப்பகுதியின் வடிவமைப்பைச் சார்ந்துள்ளன.

என்ஜினுக்குள் நடப்பது என்ன?

எரிவாயு விசையாழி என்ஜினின் முன்பகுதியில் உள்ள கம்ப்ரசர், உள்ளே வரும் காற்றை அழுத்தி எரியறைக்கு அனுப்புகிறது. அங்கு எரிபொருள் கலந்து எரிவதால் உருவாகும் வெப்ப வாயு, டர்பைன் சக்கரங்களைச் சுழற்றுகிறது. டர்பைன் தனக்குக் கிடைத்த ஆற்றலைக் கொண்டு கம்ப்ரசரையும் முன்விசிறியையும் இயக்குகிறது. இதன் பிறகும் வாயுவில் கணிசமான அழுத்தமும் வெப்பமும் எஞ்சியிருக்கும். அவற்றை வேகமாக மாற்றுவதே வெளியேற்ற அமைப்பின் முதற்பணி.

டர்பைனை விட்டு வெளியேறும் வாயுவின் வெப்பநிலை, என்ஜினின் வகையைப் பொறுத்து ஏறத்தாழ 550 முதல் 850 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். சுழலும் தகடுகளைக் கடந்து வருவதால் அந்த வாயு முறுக்கிக்கொண்டு வருகிறது. அப்படியே வெளியேற விட்டால் ஆற்றலின் ஒரு பகுதி சுழற்சியிலேயே வீணாகிவிடும். எனவே டர்பைனுக்கு அடுத்து இறகு வடிவிலான தாங்கிகள் பொருத்தப்பட்டுள்ளன. இவை வாயுவின் சுழற்சியை நீக்கி நேராக்குகின்றன.

டர்பைன் சக்கரத்தின் நடுப்பகுதிக்குப் பின்னால் கூம்பு ஒன்று அமைந்திருக்கும். வாயு அந்தச் சக்கரத்தின் பின்புறம் திரும்பி வந்து சுழலாமல் தடுப்பதும், பாதையைச் சீராக அகலப்படுத்தி வாயுவின் வேகத்தைச் சற்றுக் குறைப்பதும் இதன் வேலை. வேகம் மிகுந்தால் உட்சுவருடனான உராய்வு இழப்பும் மிகும் என்பதே காரணம். கடும் வெப்பத்தைத் தாங்குவதற்காக இப்பகுதிகள் நிக்கல், டைட்டானியம் கலப்பு உலோகங்களால் செய்யப்படுகின்றன.

வேகத்தைக் கூட்டும் நாசில்

இறுதியாக வாயு வந்து சேரும் இடம் நாசில் எனப்படும் வெளியேற்ற முனை. பயணிகள் விமானங்களில் இது பின்னோக்கிக் குறுகிச் செல்லும் வடிவில் இருக்கும். பாதை குறுகும்போது வாயுவின் அழுத்தம் குறைந்து வேகம் கூடுகிறது. வாயு பின்னோக்கிப் பாய, அதற்கு எதிர்வினையாக விமானம் முன்னோக்கித் தள்ளப்படுகிறது. நியூட்டனின் மூன்றாம் விதி செயல்படும் இடம் இது.

ஆனால் குறுகும் நாசிலுக்கு ஓர் எல்லை உண்டு. அதன் முனையில் வாயு ஒலியின் வேகத்தை எட்டியதும், அழுத்தத்தை மேலும் கூட்டினாலும் அந்த இடத்தில் ஒலியின் வேகத்தைத் தாண்ட முடியாது. அதைக் கடக்க, முதலில் குறுகிப் பின்னர் விரியும் நாசில் தேவை. ஸ்வீடன் பொறியாளர் குஸ்தாவ் டி லாவல் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் நீராவி டர்பைனுக்காகப் பயன்படுத்திய வடிவம் இது. ஒலியை விட வேகமாகப் பறக்கும் போர் விமானங்களும் ராக்கெட்டுகளும் இன்றும் இதே அடிப்படையில் இயங்குகின்றன.

இரண்டு நீரோட்டங்கள்

இன்றைய பயணிகள் விமானங்களில் உள்ளவை டர்போஃபேன் என்ஜின்கள். பெரிய முன்விசிறி உள்ளிழுக்கும் காற்றில் சிறு பகுதியே எரியறைக்குச் செல்கிறது. மீதமுள்ள குளிர்ந்த காற்று என்ஜினின் மையப்பகுதியைச் சுற்றியுள்ள பாதை வழியாகப் பின்னோக்கி வெளியேறுகிறது. ஏர்பஸ் ஏ320 நியோ விமானங்களில் பயன்படும் லீப் என்ஜினில், மையத்துக்குள் செல்லும் ஒவ்வொரு கிலோ காற்றுக்கும் சுமார் 11 கிலோ காற்று வெளிப்பாதையில் செல்கிறது. உந்துவிசையின் பெரும்பகுதி கிடைப்பது இந்தக் குளிர்ந்த காற்றில் இருந்துதான்.

சிறிதளவு வாயுவை மிக வேகமாகத் தள்ளுவதைவிட, பெருமளவு காற்றை மிதமான வேகத்தில் தள்ளுவதே சிக்கனமானது. இரைச்சலும் இதனால் குறைகிறது. வெளியேறும் வாயுவின் வேகத்தை எட்டு முறை பெருக்கிய அளவுக்கு ஏற்ப ஒலியாற்றல் உயரும் என்பதை பிரிட்டன் கணிதவியலாளர் ஜேம்ஸ் லைட்ஹில் 1952-இல் விளக்கினார். இதன்படி வாயுவின் வேகத்தை 20 சதவீதம் குறைத்தாலே ஒலியாற்றல் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்காகக் குறைந்துவிடும்.

ஏர் இந்தியா இயக்கும் போயிங் 787 விமானங்களின் என்ஜின் உறையில், பின்விளிம்பு ரம்பப்பற்கள் போல இருப்பதைக் காணலாம். இது அழகுக்காகச் செய்யப்பட்டதன்று. வேகமாக வெளியேறும் காற்று, வெளிக்காற்றுடன் சீராகக் கலந்து இரைச்சல் தணிய இந்தப் பற்கள் உதவுகின்றன.

தரையிறங்கும்போது திசைமாறும் காற்று

ஓடுபாதையில் கேட்கும் உறுமலுக்குக் காரணம் திரஸ்ட் ரிவர்சர் என்ற கருவி. பல விமானங்களில் என்ஜின் உறையின் ஒரு பகுதி பின்னோக்கி நகர, உள்ளிருக்கும் கதவுகள் குளிர்ந்த காற்றின் பாதையை அடைக்கின்றன. அடைபட்ட காற்று, பக்கவாட்டில் உள்ள சட்டங்களின் வழியே முன்னோக்கிச் சாய்வாகத் திருப்பிவிடப்படுகிறது. என்ஜின் எதிர்த்திசையில் சுழல்வதில்லை. காற்றின் திசை மட்டுமே மாறுகிறது. அதற்காக என்ஜினின் வேகம் கூட்டப்படுவதால்தான் இரைச்சல் எழுகிறது.

உலர்ந்த ஓடுபாதையில் விமானத்தை நிறுத்தும் பணியில் பெரும்பங்கு சக்கர பிரேக்குகளுடையது. மழைநீரோ பனியோ படிந்த பாதையில் சக்கரங்களின் பிடிமானம் குறையும் என்பதால், எதிர் உந்துவிசையின் முக்கியத்துவம் கூடுகிறது. விமானத்தின் வேகம் குறைந்த பிறகும் இதை முழு அளவில் பயன்படுத்தினால், வெளியேறிய சூடான வாயுவும் தரையில் கிடக்கும் துகள்களும் என்ஜினுக்குள் புக நேரிடும். ஆகவே வேகம் குறைந்ததும் விமானிகள் இதைத் தணித்துவிடுகின்றனர்.

இந்த அமைப்பில் ஏற்பட்ட கோளாறு பேரழிவுக்கு வழிவகுத்ததும் உண்டு. 1991 மே 26 அன்று பாங்காக்கில் இருந்து வியன்னாவுக்குப் புறப்பட்ட லாடா ஏர் நிறுவனத்தின் போயிங் 767 விமானம் மேலேறிக் கொண்டிருந்தபோது, இடப்புற என்ஜினின் ரிவர்சர் நடுவானில் திறந்துகொண்டது. விமானம் கட்டுப்பாட்டை இழந்து சிதறியதில் அதில் இருந்த 223 பேரும் உயிரிழந்தனர். அதன் பின்னரே ரிவர்சர்களில் கூடுதல் பூட்டு பொருத்தும் நடைமுறை வந்தது.

2007 ஜூலை 17 அன்று பிரேசிலின் சாவ் பாவ்லோ நகரில் ஈரமான ஓடுபாதையில் தரையிறங்கிய டாம் நிறுவனத்தின் ஏர்பஸ் ஏ320 விமானத்தில், வலப்புற ரிவர்சர் ஏற்கெனவே செயலிழக்கச் செய்யப்பட்டிருந்தது. அந்த நிலையிலும் பறக்க விதிகள் இடமளித்தன. ஆனால் தரையிறங்கிய பிறகும் வலப்புற என்ஜினின் விசைக்கோல் முன்னோக்கித் தள்ளும் நிலையிலேயே இருந்ததாக விமானத் தரவுப் பெட்டியில் பதிவாகியிருந்தது. இதனால் இறக்கைகளின் வேகத்தடுப்புத் தகடுகள் விரியவில்லை. ஓடுபாதையைத் தாண்டிச் சென்று கட்டடத்தில் மோதிய அவ்விபத்தில் 199 பேர் பலியாயினர்.

போர் விமானங்களில் ஆஃப்டர்பர்னர்

டர்பைனைக் கடந்து வரும் வாயுவில் எரியாத ஆக்சிஜன் நிறைய எஞ்சியிருக்கும். போர் விமானங்களில் அந்த வாயு செல்லும் குழாயிலேயே மீண்டும் எரிபொருளைத் தெளித்து எரிக்கின்றனர். இதுவே ஆஃப்டர்பர்னர். வாயுவின் வெப்பநிலை 1,500 டிகிரி செல்சியஸையும் தாண்டக்கூடும். உந்துவிசை பெருமளவு உயர்ந்தாலும் எரிபொருள் மிக விரைவாகத் தீரும் என்பதால், சிறிது நேரத்துக்கே இது பயன்படுகிறது. வாயுவின் கொள்ளளவு பெருகுவதற்கு ஏற்ப நாசிலின் வாயும் அகலமாகத் திறக்க வேண்டும். இல்லையெனில் பின்னழுத்தம் மிகுந்து என்ஜினின் இயக்கம் பாதிக்கப்படும்.

இந்திய விமானப்படையின் தேஜஸ் விமானத்தில் உள்ள அமெரிக்காவின் எஃப்404 என்ஜின், ஆஃப்டர்பர்னருடன் சுமார் 85 கிலோநியூட்டன் உந்துவிசை தருகிறது. சுகோய்-30 எம்கேஐ விமானத்தின் நாசில்கள் திசை திரும்பக்கூடியவை. வாயு பாயும் திசையை மாற்றி, விமானத்தை வானில் சட்டெனத் திருப்ப இவை துணைபுரிகின்றன.

தேஜஸுக்காக பெங்களூரில் உள்ள எரிவாயு விசையாழி ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய காவேரி என்ஜின், எதிர்பார்த்த உந்துவிசையை எட்டாததால் 2008-இல் அத்திட்டத்தில் இருந்து விலக்கப்பட்டது. ஆஃப்டர்பர்னர் இல்லாத அதன் வடிவம் ஆளில்லாப் போர் விமானத்துக்காக மேம்படுத்தப்பட்டு வருகிறது. எதிரியின் அகச்சிவப்புக் கதிர் உணர்விகளிடம் இருந்து தப்ப வேண்டிய விமானத்துக்கு, வெளியேறும் வாயுவின் வெப்பம் குறைவாக இருப்பதே நன்மை.

தரையில் நிற்பவர்களுக்கும் ஆபத்து

என்ஜினின் பின்னால் பாயும் காற்று மனிதர்களையும் வாகனங்களையும் புரட்டிப்போடும் வலிமை கொண்டது. 2017 ஜூலையில் கரீபியன் தீவான சின்ட் மார்ட்டினில், ஓடுபாதையை ஒட்டிய வேலியருகே நின்றிருந்த நியூசிலாந்து பெண் ஒருவர், புறப்பட்ட விமானத்தின் காற்றுவேகத்தில் தூக்கி வீசப்பட்டு உயிரிழந்தார். விமான நிலையங்களில் குறிக்கப்பட்ட பாதையை விட்டு விலகி நடக்கக் கூடாது என ஊழியர்கள் வலியுறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

வெளியேறும் வாயு என்ஜினின் உடல்நிலையையும் தெரிவிக்கிறது. அதன் வெப்பநிலையை உணர்விகள் தொடர்ந்து அளந்து, விமானி அறையின் திரையில் காட்டுகின்றன. அதே உந்துவிசைக்கு முன்பைவிட அதிக வெப்பநிலை பதிவானால், உட்பகுதிகள் தேய்ந்து வருவதாகப் பொருள். அனுமதிக்கப்பட்ட உச்ச வரம்புக்கும் அந்த அளவுக்கும் உள்ள இடைவெளி சுருங்கச் சுருங்க, என்ஜினைக் கழற்றிப் பழுதுபார்க்கும் நாள் நெருங்குவதைப் பராமரிப்புப் பொறியாளர்கள் அறிந்துகொள்கின்றனர்.