கொக்கோவில் போன காசும் சிறையில் பிறந்த நாவலும்

இங்கே புரோக்கி என்று பழைய சாமான் கடைகள் இருக்கின்றன. செத்தவர்களின் வீட்டுக் கோப்பை, கதிரை, புத்தகம் எல்லாம் அங்கேதான் வந்து சேரும். இரண்டு கிழமைக்கு முன் ஒரு பிராங் கொடுத்து அங்கே ஒரு ஆங்கில நாவல் வாங்கினேன். பெயர் 'த பில்லியன் டொலர் ஷுவர் திங்', எழுதியவர் போல் ஏர்ட்மன். கேள்விப்படாத பெயர். இரவு வேலை முடிந்து வந்து படுக்கையில் திறந்தவன் விடிய நாலு மணி வரைக்கும் மூடவில்லை. பிறகு ஆளைப் பற்றித் தேடினபோதுதான் தெரிந்தது, இந்த நாவல் பிறந்த இடம் நான் குசினியில் நிற்கிற இதே பாசல் நகரம். அதுவும் சிறைக்குள்ளே.

கதை அப்படி ஒன்றும் சிக்கல் இல்லை. அமெரிக்கா டொலரின் மதிப்பை இறக்கப் போகிறது. அந்த ரகசியம் அறிவிப்புக்கு முன்பே சிலருடைய கைக்குப் போய்விடுகிறது. அவ்வளவுதான். யார் எவ்வளவு தங்கத்தை எந்தப் பெயரில் எந்த வங்கி மூலம் வாங்குகிறார்கள், யார் முந்துவது என்பதுதான் மிச்சம். துப்பறியும் கதையில் பிணம் விழுந்தால்தான் நாங்கள் பக்கம் புரட்டுவோம். இந்தக் கதை ஓடுவது விலைப்பட்டியலிலும் தொலைபேசியிலும். ஆனாலும் நெஞ்சு அடிக்குது!

காசை வைத்து நாவல் எழுதியவர்களில் ஏர்ட்மன் முதல் ஆள் இல்லை. பிரான்சில் யூனியோன் ஜெனரால் என்ற வங்கி 1882இல் விழுந்தது. அந்தச் சம்பவத்தின் நிழலில்தான் எமில் ஸோலா 1891இல் 'லார்ஜோன்' (பணம்) நாவலை எழுதினார். 1961 தொடக்கம் எம்மா லேதன் என்ற பெயரில் வால் ஸ்ட்ரீட் வங்கியாளர் ஒருவர் துப்பறியும் கதைகள் வந்தன. அது ஒரு ஆள் இல்லை, இரண்டு பெண்கள். ஒருவர் பொருளியலாளர், மற்றவர் சட்டத்தரணி. தொழில் கெட்டுவிடும் என்று கனகாலம் தங்கள் பெயரை வெளியில் விடவில்லை. ஆனால் அந்தக் கதைகளிலும் ஒரு கொலை வேண்டியிருந்தது. கொலையே இல்லாமலும் ஆளைத் தூங்கவிடாமல் செய்யலாம், ஒரு நாணயத்தின் விலை மாறுவதே போதும் என்று பெருவாரியான சனத்துக்குக் காட்டினவர் ஏர்ட்மன்.

சரி, ஆள் யார்? 1932இல் கனடாவில் ஒன்ராறியோ மாகாணத்து ஸ்ட்ராட்போர்டில் பிறந்தவர். பெற்றோர் அமெரிக்கர்கள், தகப்பன் லூதரன் சபைப் போதகர். மகன் பொருளியல் பக்கம் திரும்பி, பாசல் பல்கலைக்கழகத்திலேயே கலாநிதிப் பட்டம் எடுத்தார். 1965இல் இந்த ஊரில் ஒரு வங்கி தொடங்கினார். காசு போட்டவர் சான் டியாகோவைச் சேர்ந்த சாலிக் என்ற வியாபாரி. சுவிசில் ஒரு வங்கிக்கு அமெரிக்கன் தலைவர் என்பது அந்நாளில் பெரிய புதினம். 1934ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வாடிக்கையாளரின் ரகசியத்தை வெளியில் சொல்கிற வங்கிக்காரனைச் சிறையில் போடலாம். அப்படி வாயைப் பூட்டி வைத்த தொழிலுக்குள் வெளியாள் ஒருவர் போய்க் குந்தியிருக்கிறார். பிறகு லொஸ் ஏஞ்சலிசின் யுனைட்டட் கலிபோர்னியா பாங்க் அதில் பெரும் பங்கை வாங்கித் தன் பெயரையும் போட்டது.

1970இல் அந்த வங்கி விழுந்தது. விழுத்தியது கொக்கோ. கொக்கோவின் முன்பேர வியாபாரத்தில் பல கோடி டொலர் போய்விட்டிருந்தது.

முன்பேரம் என்றால் என்ன? யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் பொருளியல் படிக்கத் தொடங்கி, 2006இல் பாதை பூட்டியதோடு படிப்பும் நின்றுபோனவன் நான். அதனால் எனக்கு விளங்கின அளவில் சொல்கிறேன். அடுத்த மார்கழியில் இத்தனை தொன் கொக்கோவை இன்ன விலைக்கு வாங்குகிறேன் என்று இன்றைக்கே ஒப்பந்தம் போடுவது. முழுக் காசும் கட்டத் தேவையில்லை, ஒரு சிறு பங்கை முற்பணமாகக் கட்டினால் போதும். விலை ஏறினால் கட்டின காசுக்குப் பல மடங்கு லாபம். இறங்கினால் ஒவ்வொரு நாளும் கூப்பிட்டு, இன்னும் கட்டு, இன்னும் கட்டு என்பான். கட்ட முடியாதவன் நட்டத்தோடு வெளியே வரவேண்டும். இல்லையென்றால் ஒப்பந்தத் துண்டை லாச்சிக்குள் ஒளித்து வைத்துவிட்டு, விட்டதைப் பிடிக்க இன்னும் பெரிசாக ஆடவேண்டும். கானாவில் கொக்கோக் காயை வெட்டுகிற விவசாயி இதில் எங்கேயும் வருவதில்லை. சூதாடுகிறவன் ஒரு கொட்டையைக் கூடக் கண்ணால் காண்பதில்லை.

ஏர்ட்மனும் வங்கியின் வேறு சிலரும் கைதானார்கள். அவரை மாதக்கணக்காக விசாரணைக் கைதியாக வைத்திருந்தார்கள். பாசலின் விசாரணைச் சிறை அப்போது லோன்ஹோஃப் என்ற பழைய கட்டடத்தில், லியோன்ஹார்ட் தேவாலயத்துக்குப் பக்கத்தில் இருந்தது. 1995 வரைக்கும் அது சிறைதான். இன்று இசைக்கருவிகளின் அருங்காட்சியகம். கைதிகள் கிடந்த அறைகளுக்குள் கண்ணாடிக்குப் பின்னால் புல்லாங்குழலும் கொம்பும் இருக்கின்றன.

விசாரணைக் கைதி கையில் காசிருந்தால் வெளி உணவகத்திலிருந்து சாப்பாடும் வைனும் எடுப்பித்துக்கொள்ளலாமாம். (அந்தச் சாப்பாட்டுத் தட்டைக் கழுவினவன் எந்த நாட்டு அகதியோ.) தட்டச்சு இயந்திரமும் கிடைத்தது. அவர் முதலில் எழுத நினைத்தது பொருளியல் புத்தகம். சிறைக்குள் நூலகம் இல்லை, தரவு இல்லை. அதனால் நாவல் எழுதினார். ஆதாரம் காட்ட முடியாதவன் கதை சொல்கிறான்!

பிணையில் விட்டதும் ஆள் நாட்டை விட்டுப் போய்விட்டார். வழக்கு அவர் இல்லாமலே நடந்து, பல வருசச் சிறைத் தண்டனை விதித்தார்கள். அதே காலத்தில், 1973இல், நாவல் வெளிவந்தது. 1974இல் அமெரிக்க மர்மக்கதை எழுத்தாளர் சங்கத்தின் எட்கர் விருது, முதல் நாவலுக்கானது, அவருக்குக் கிடைத்தது. ஒரு நாட்டில் குற்றவாளி, இன்னொரு நாட்டில் புகழ்.

நாவல் ஏன் அப்படி விற்றது என்பதற்கு வெளியுலகமும் காரணம். 1971 ஆவணி 15, ஞாயிற்றுக்கிழமை இரவு, நிக்சன் தொலைக்காட்சியில் வந்து டொலருக்குத் தங்கம் கொடுப்பதை நிறுத்தினார். 35 டொலராக இருந்த ஒரு அவுன்சின் உத்தியோக விலை முதலில் 38 ஆகி, 1973இல் 42.22 ஆனது. மளிகைக் கடைக்குப் போகிற சாதாரண சனத்துக்கும் தன் கையிலிருக்கிற தாளின் மதிப்பு என்ன என்ற பயம் வந்த நேரம் அது. அந்தப் பயத்துக்கு ஏர்ட்மன் ஒரு கதை கொடுத்தார். காசுலகத்தில் பெரிய காரியங்கள் சந்தை பூட்டியிருக்கிற ஞாயிறுகளில்தான் நடக்கின்றன. திங்கள் காலை ஆசியச் சந்தைகள் திறக்க முதல் முடித்தாக வேண்டும். 2023 பங்குனி 19, கிரெடிட் சுவிசை யூபிஎஸ் 300 கோடி பிராங்குக்கு எடுப்பதாக அறிவித்ததும் ஒரு ஞாயிறுதான். அன்று நான் வேலையில் நின்றேன். சாப்பிட வந்தவர்கள் முள்ளுக்கரண்டியை வைத்துவிட்டுப் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

1976இல் வந்த 'த க்ராஷ் ஒஃப் 79' தான் அவருடைய பெரிய வெற்றி. ஈரானின் ஷா அணுவாயுதத்தோடு வளைகுடாவைப் பிடிக்கப் போக, உலக வங்கித் தொழிலே குலைகிற கதை. உண்மையான 1979 தையில் நடந்தது வேறு. ஷா நாட்டை விட்டு ஓடினார். சாத்திரம் பிழைத்தது, ஆனால் ஆண்டையும் நாட்டையும் சரியாகப் பிடித்திருக்கிறார்.

இதையெல்லாம் வாசிக்க எனக்கு எங்கட சீட்டு நினைவுக்கு வந்தது. மாதம் 500 பிராங்படி இருபது மாதம் கட்டினேன். கடைசிச் சீட்டு எனக்கு. கழிவு இல்லாமல் முழுக்காசும் வரும் என்று காத்திருந்தேன். பத்தொன்பதாம் மாதம் தாச்சி தொலைபேசியை எடுக்கவில்லை. இருபதாவதையும் கட்டிவிட்டுத்தான் விசயமே தெரிந்தது. அவரும் விட்டதைப் பிடிக்க ஒரு சீட்டுக் காசை எடுத்து இன்னொரு சீட்டை ஓட்டியிருக்கிறார். பாசலில் 1970இல் நடந்ததும் இதுதானே? அவர் இப்போது வேறு நாடொன்றில் இருக்கிறாராம். எழுதினால் நல்ல நாவல் வரும், எல்லா இழையும் அவர் கையில்தான் இருக்கிறது. எங்கள் கையில் இருப்பது கட்டின காசின் கணக்குக் கொப்பி மட்டும். ஏர்ட்மனின் கதையிலும் வைப்பாளர்கள் ஒருவரும் பெயரோடு வருவதில்லை. அவருடைய வங்கியில் காசு போட்டவர்களுக்காவது கலிபோர்னியத் தாய் வங்கி பொறுப்பெடுத்தது.

ஏர்ட்மன் 2007 சித்திரையில் கலிபோர்னியாவில் காலமானார். அதற்குப் பத்து வருசம் முந்தி, 1997இல், 'த செட்-அப்' என்று ஒரு நாவல் எழுதினார். அமெரிக்க மத்திய வங்கியின் முன்னாள் தலைவர் ஒருவர் பாசலுக்கு வருகிறார். பொலிஸ் பிடித்து உள்ளே போடுகிறது. அந்தக் கதையில் மனிசன் ஒரு குற்றமும் செய்யாதவர், வேறு யாரோ மாட்டிவிட்டிருக்கிறார்கள்.

அதையும் புரோக்கியில் தேடிக்கொண்டிருக்கிறேன்.