தேநீர்ச்சாலையும் மின்கணிப் பொறியும்

வணிகம் சிறிதாயிருக்கும்வரை வணிகனுக்குத் தன் கண்ணே கணக்குப் புத்தகமாகும். இன்று எத்தனை பாண் மிஞ்சின, எந்த வேலையாள் பிந்தி வந்தான் என்பதை அவன் எவரையும் கேட்டறிய வேண்டியதில்லை. கடை இரண்டாகி, இருபதாகி, இருநூறாகும்போது நிலைமை மாறுகின்றது. தன் கண் எட்டாத இடங்களில் நடப்பதைப் பிறர் எழுதி அனுப்பும் தாள்களைக் கொண்டே அவன் அறிய வேண்டியவனாகின்றான். எச்செய்தி, எவருக்கு, எவ்வேளையில், எவ்வளவாகச் சென்று சேர வேண்டும் என வகுத்தமைக்கும் ஒழுங்கே இக்காலத்தில் முகாமைத் தகவல் முறைமை எனப்படுகின்றது. இத்துறை கணினியோடு பிறந்ததென்பது பொதுவாக நிலவும் எண்ணம். இங்கிலாந்தின் லயன்ஸ் கம்பனியின் வரலாற்றை நோக்குமிடத்து இவ்வெண்ணம் பொருந்தாமை புலனாகும். அங்கு முறைமை முன்னே பிறந்தது. பொறி பின்னே வந்தது.

ஜே. லயன்ஸ் கம்பனி 1894ஆம் ஆண்டில் இலண்டன் பிக்கடிலி வீதியில் தன் முதலாவது தேநீர்ச்சாலையைத் திறந்தது. காலப்போக்கில் அத்தகைய சாலைகள் இருநூறுக்கு மேற்பட்டன. மேற்கு இலண்டனில் காட்பி ஹோல் என்னும் பெருவளாகத்திலிருந்து பாணும் கேக்கும் பிற உணவு வகைகளும் நாள்தோறும் அனுப்பப்பட்டன. ஒரு கோப்பைத் தேநீரிலோ ஒரு துண்டு கேக்கிலோ கிடைத்த இலாபம் மிகச் சிறிது. அச்சிறு இலாபத்தையும், ஒரு சாலை வேண்டியதிலும் சற்றுக் கூடுதலாகப் பெற்று மாலையில் எறிய நேர்ந்த பண்டம் விழுங்கிவிடும். எனவே சில்லறை விற்பனையின் மிக நுண்ணிய கணக்கு அக்கம்பனிக்கு உயிர்நாடியாயிற்று. ஆயின் அக்கணக்கை எழுதுவதற்கே பெரியதொரு எழுதுவினைஞர் படை தேவைப்பட்டது. செலவைக் கண்டறியும் செலவே பெருஞ்செலவாகும் அபாயம் தோன்றியது.

1923இல் கேம்பிரிட்ஜ் கணிதப் பட்டதாரியான ஜோன் சிமன்ஸ் என்பவரைக் கம்பனி பணிக்கு அமர்த்தியது. பலகாரம் விற்கும் நிறுவனத்துக்குக் கணித வல்லுநர் எதற்கு என அக்காலத்தில் நகைத்தோரும் இருந்திருக்கலாம். காரியாலயம் என்பது நடந்து முடிந்ததைப் பதிந்து வைக்கும் இடமன்று, முகாமையாளர் நாளை செய்ய வேண்டியதைத் தீர்மானிக்க உதவும் இடம் என்பது சிமன்ஸின் கொள்கை. 1930களின் தொடக்கத்தில், அலுவலக முறைகளை ஆராய்வதையே தொழிலாகக் கொண்ட தனிப்பிரிவொன்று அங்கு அமைந்தது. ஒவ்வொரு படிவத்தையும் எடுத்து, இதனை வாசிப்பவர் யார், வாசித்தபின் அவர் செய்வது யாது என அப்பிரிவினர் வினவினர். விடை கிடையாத படிவங்கள் கைவிடப்பட்டன. மின்கணிப் பொறி என ஒன்று உலகில் இல்லாத காலத்திலேயே இவை நிகழ்ந்தன என்பது இங்கு கருதத்தக்கது.

போர் முடிந்தபின் 1947இல் தொம்சன், ஸ்ராண்டிங்போர்ட் என்னும் இரு அலுவலர் புதிய அலுவலக முறைகளைக் கண்டுவர ஐக்கிய அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டனர். அங்கு பிரின்ஸ்டனில் கோல்ட்ஸ்ரைன் என்னும் அறிஞர், அவர்கள் தேடிவந்த பொருள் அவர்களது நாட்டிலேயே, கேம்பிரிட்ஜில் உருவாகி வருவதை எடுத்துரைத்தார். மொறிஸ் வில்க்ஸ் தலைமையில் அமைந்துகொண்டிருந்த எட்சாக் பொறியே அது. லயன்ஸ் கம்பனி அம்முயற்சிக்குப் பண உதவி செய்ததோடு தன் ஊழியர் ஒருவரையும் அனுப்பிவைத்தது. 1949 மே 6ஆம் நாள் எட்சாக் இயங்கியது. அதன்பின் கம்பனி, விலைக்கு வாங்க எவரிடமும் பொறி இல்லாமையால், தானே ஒன்றை அமைக்கத் துணிந்தது. ஜோன் பிங்கர்ட்டன் என்னும் பொறியியலாளர் அதனை வகுத்தார். சுமார் 6,000 வால்வுகளும், நினைவைத் தாங்கும் பாதரசக் குழாய்களும் கொண்டு ஒரு பெருமண்டபத்தை அடைத்து நின்ற அப்பொறிக்கு 'லியோ' எனப் பெயரிட்டனர். 'லயன்ஸ் மின்னணுக் காரியாலயம்' என்பதன் ஆங்கில முதலெழுத்துக்களே அவை. பெயரில் 'பொறி' என்னும் சொல் இடம்பெறாது 'காரியாலயம்' இடம்பெற்றமை தற்செயலாகத் தோன்றவில்லை.

1951 நவம்பர் இறுதியில் வெதுப்பகங்களின் உற்பத்தி மதிப்பீட்டுக் கணக்கு முற்றாக லியோவிடம் ஒப்படைக்கப்பட்டது. ஒரு வணிக நிறுவனத்தின் அன்றாடப் பணியை மின்கணிப் பொறி ஏற்றுக்கொண்டதன் தொடக்கமாக இதுவே கொள்ளப்படுகின்றது. அடுத்து, 1954இல் சம்பளக் கணக்கு வந்தது. தேர்ந்த எழுதுவினைஞர் ஒருவருக்கு எட்டு நிமிடம் பிடித்த ஓர் ஊழியரின் சம்பளக் கணக்கை லியோ ஒன்றரைச் செக்கனில் முடித்தது. இவ்வேகத்தையே பலரும் வியந்து பேசினர். எனினும் வேகம் மட்டும் தகவல் முறைமையாகாது. அதே ஆண்டின் பிற்பகுதியில் தொடங்கிய தேநீர்ச்சாலை விநியோகப் பணியிலேயே லியோவின் உண்மையான சிறப்பு வெளிப்பட்டது.

முன்னர் ஒவ்வொரு சாலைத் தலைவியும் நாள்தோறும் தனக்கு வேண்டிய பண்டங்கள் யாவற்றையும் படிவங்களில் எழுதி அனுப்ப வேண்டியிருந்தது. பணிமுறைகளை வகுத்த டேவிட் கமினர் குழுவினர் ஒன்றைக் கண்டனர்: ஒரு திங்கட்கிழமையின் தேவை மறு திங்கட்கிழமையின் தேவையிலிருந்து பெரிதும் வேறுபடுவதில்லை. எனவே கிழமையின் ஒவ்வொரு நாளுக்கும் நிலையான கட்டளையொன்று சாலைதோறும் பதிந்து வைக்கப்பட்டது. தலைவி அறிவிக்க வேண்டியது மாற்றத்தை மட்டுமே. மழை வரும்போலத் தோன்றுகிறதா, அருகில் விழா ஏதும் உண்டா என்பன அவளுக்குத்தான் தெரியும். குறித்த வேளையில் தலைமையகத்திலிருந்து தொலைபேசி அழைப்பு வரும். அவள் சொல்லும் மாற்றங்களைக் கேட்கும் பெண்கள் அவற்றை அக்கணமே அட்டைகளில் துளையிடுவர். லியோ அவற்றை நிலையான கட்டளையோடு சேர்த்து, எப்பண்டம் எவ்வளவு வேண்டும், எந்தச் சாலைக்கு எவ்வளவு பொதி செய்ய வேண்டும், அதன் பெறுமதி யாது என்பவற்றை அச்சிட்டுத் தரும். ஏறக்குறைய 150 சாலைகளுக்கு இவ்வாறு நடைபெற்றது.

இதில் நுட்பமானது பொறியன்று, வேலைப் பிரிவினையாகும். மாறாதது பொறியின் நினைவில் இருக்க, மாறுவது மனிதர் வாயிலாக வந்தது. முகாமையாளருக்கு அனுப்பப்பட்ட செய்திக்கும் இந்நெறியே கைக்கொள்ளப்பட்டது. எல்லாச் சாலைகளின் எல்லா எண்களையும் மேசையில் குவிப்பதற்கு மாறாக, எதிர்பார்த்த அளவிலிருந்து பெரிதும் விலகியவற்றை மட்டும் எடுத்துக்காட்டுதல் நோக்கமாயிற்று. பக்கம் பக்கமாக அச்சிடும் ஆற்றல் வாய்த்த பொறியிடம் குறைவாக அச்சிடுமாறு கேட்பதற்குத் தனித் தெளிவு வேண்டும். பிற்காலத்தில் கணினி வாங்கிய பல நிறுவனங்கள் இத்தெளிவின்றித் தாள்மலையில் மூழ்கின.

தேயிலைக் கலவைக் கணக்கும் லியோவின் பணிகளுள் ஒன்றாயிற்று. மின்சிங் லேன் வணிகத்தில் இலங்கைத் தேயிலையும் இலண்டனில் ஏலம் போன காலம் அது. போட் கம்பனியின் சம்பளக் கணக்கு முதலிய வெளியார் பணிகளும் வந்தன. 1954இல் பொறி அமைத்து விற்பதற்கெனத் தனிக் கம்பனி தோன்றி, லியோ இரண்டு, லியோ மூன்று என்பவற்றை வெளியிட்டது. பெரும் முதல் வேண்டிய அத்தொழிலைப் பலகாரக் கம்பனியால் நெடுங்காலம் தாங்க இயலவில்லை. 1963இல் அது இங்கிலிஷ் எலெக்ற்றிக் நிறுவனத்துடன் இணைந்தது. முதல் லியோ 1965 ஜனவரியில் நிறுத்தப்பட்டது.

லயன்ஸின் பின்வரலாறு சற்றுத் துயரமானது. ஒவ்வொரு கேக்கின் அடக்கவிலையையும் அறிந்திருந்த கம்பனி, 1970களில் வெளிநாட்டு நிறுவனங்களை வாங்கப் பெருங்கடன் பட்டது. அதன்பின் எண்ணெய் நெருக்கடி வந்தது, பவுணின் மதிப்புத் தாழ்ந்தது, கடன்சுமை ஏறியது. நாணயமாற்றின் ஏற்றத்தாழ்வைச் சாலைத் தலைவியின் தொலைபேசி அறிவிக்க மாட்டாது. நாள்தோறும் நிகழ்வதை அளக்க அமைந்த முறைமை, அளவிட முடியாத துணிவைக் காக்கும் என எதிர்பார்ப்பதும் முறையன்று. 1978இல் கம்பனி அலைட் புறூவரிஸ் என்னும் மதுபான நிறுவனத்தின் கைக்கு மாறியது. அவ்வேளையிலும் பிரித்தானியத் தபாற் பகுதியின் தொலைபேசிக் கட்டணச் சீட்டுகளை லியோ மூன்று பொறிகள் அச்சிட்டுக்கொண்டிருந்தன. அவற்றுள் இறுதியானது 1981இல்தான் ஓய்ந்தது.