பாதை வெட்டினது யாரு?

கண்டியில ஹைக்கிங்னு சொன்னா முதல்ல ஞாபகத்துக்கு வர்றது ஹந்தானை. பேராதனையில படிக்கிற எங்களுக்கு அது வீட்டுக்குப் பின்னால இருக்கிற மலை மாதிரி. இப்போ அங்கிருந்து ஒரு நீண்ட நடைபாதையும் தொடங்குது: பீக்கோ ட்ரெயில். ஹந்தானை தேயிலை அருங்காட்சியகத்துக்கிட்ட ஆரம்பிச்சு நுவரெலியாவில முடியுது. 22 கட்டங்கள், 300 கிலோமீற்றருக்கு மேல தூரம். பீக்கோங்கிறது ஒரு தேயிலை ரகத்தோட பேரு.

இந்தப் பாதையில பெரும்பகுதி புதுசா போட்டதில்லை. பழைய தோட்டப் பாதைகளைத்தான் ஒண்ணோட ஒண்ணு இணைச்சிருக்காங்க. அதனால அதுல நடக்கிறவங்க எல்லாருமே ஒரு வரலாற்றுக்கு மேலதான் நடக்கிறாங்க. அது யாருடைய வரலாறு?

1815இல் கண்டி இராச்சியம் பிரித்தானியர் கைக்குப் போனது. 1820களிலேயே கண்டியைச் சுற்றிக் கோப்பித் தோட்டங்கள் வந்துவிட்டன. காடு வெட்ட, கான் வெட்ட, கல் அடுக்கிப் பாதை போட ஆட்கள் தேவைப்பட்டார்கள். தமிழ்நாட்டிலிருந்து கங்காணிமார் கூட்டிவந்த மக்கள் மன்னார்க் கரையில் இறங்கி, அநுராதபுரம், தம்புள்ளை வழியாக மாத்தளை வரைக்கும் காட்டுக்குள் நடந்தே வந்தார்கள். கொலரா, மலேரியா, பசின்னு வழியிலேயே செத்தவங்க ஆயிரக்கணக்கில். மலையகத்தோட முதல் ஹைக்கிங் அதுதான். அதுக்கு வழிகாட்டிப் பலகை எதுவும் இருக்கல.

1869இல் கோப்பியை இலைத்துரு நோய் தாக்கியது. அடுத்த இருபது வருஷத்துக்குள் கோப்பி கிட்டத்தட்ட அழிந்து, தேயிலை வந்தது. கோப்பிக்குப் பறிக்கிற காலத்தில் மட்டும்தான் நிறைய ஆள் வேணும். தேயிலைக்கு வருஷம் முழுக்க வேணும். வந்து போய்க்கொண்டிருந்த மக்கள் குடும்பமாக லயன்களில் தங்கியது இப்படித்தான்.

ட்ரெயிலில் கலஹாவைத் தாண்டிப் போனால் லூல்கந்துர வரும். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட தோட்டம். அவர் உட்கார்ந்ததாகச் சொல்லும் கல் இருக்கைகூட அங்கே இருக்கு. 1892இல் அவர் இறந்தப்போ, உடலைத் தோளில் சுமந்து கண்டிவரைக்கும் நடந்தவங்க தோட்டத் தொழிலாளர்கள். மஹியாவையில் டெய்லருக்குக் கல்லறை இருக்கு. அவரைத் தூக்கி வந்த தோள்களுக்குச் சொந்தக்காரங்க பேரு எந்தக் கல்லிலும் இல்ல.

அதே ஹேவாஹெட்ட பக்கத்தில்தான் முல்லோயாவும் இருக்கு. 1940 ஜனவரியில் சம்பள உயர்வு கேட்டுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது பொலிஸ் சுட்டது. கோவிந்தன் என்ற தொழிலாளி இறந்தார். மலையகத் தொழிற்சங்க வரலாற்றில் முதல் தியாகியாக அவரைத்தான் சொல்கிறோம். அதற்கு எட்டு வருஷம் கழிச்சு, 1948இல் வந்த பிரஜாவுரிமைச் சட்டம் இந்த மக்களில் பெரும்பாலானவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒப்பந்தத்தில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று இரண்டு அரசுகளும் பங்கு பிரித்தன. பாதை வெட்டினவங்களோட பேரப்பிள்ளைகள் அதே பாதையில் இறங்கி, தலைமன்னாருக்குப் போய் கப்பல் ஏறினாங்க.

2023இல் ஒரு வேறு விதமான நடை நடந்தது. மலையக மக்கள் வந்து 200 வருஷம் ஆனதை நினைவுகூர்ந்து, தலைமன்னாரில் இருந்து மாத்தளை வரைக்கும் முன்னோர் வந்த வழியிலேயே மக்கள் நடந்தாங்க. காணி உரிமை, வீடு, நியாயமான சம்பளம் என்ற கோரிக்கைகளும் கூடவே நடந்தன.

ஹைக்கிங் போகாதீங்கன்னு நாங்க சொல்லவில்லை. போங்க. ட்ரெயிலால் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு வழிகாட்டி வேலையோ சின்ன வருமானமோ கிடைச்சா நல்லதுதான். ஆனா வெளியூர்க்காரங்க படம் எடுக்கிற அந்த லயன் நிற்கும் நிலத்துக்கு, அங்கே நாலு தலைமுறையா இருக்கிற பெரும்பாலான குடும்பங்களிடம் இன்னும் உறுதி இல்ல. அதையும் தெரிஞ்சுகிட்டு நடக்கணும்.

இன்னொண்ணு. அநேகமாக எல்லாத் தோட்டத்துக்கும் துரைமார் வைத்த பேரோட, நம்ம ஆட்கள் கூப்பிட்ட ஒரு தமிழ்ப் பேரும் இருக்கும். வரைபடத்தில் அது கிடைக்காது. அடுத்த முறை போகும்போது அங்கே இருக்கிற ஒரு ஆச்சிகிட்டயோ தாத்தாகிட்டயோ கேட்டு எழுதி வச்சுக்கோங்க. பாதி வரலாறு அந்தப் பேரிலயே இருக்கும்.