கால்வாய்க்கரைப் பப் உணவு (இங்கிலாந்து)

பப் என்பது பியர் முதலிய மதுவகைகளை விற்பதற்கு உரிமம் பெற்ற பிரித்தானியப் பொது இல்லம் ஆகும். "பப்ளிக் ஹவுஸ்" என்னும் தொடரின் சுருக்கமே இப்பெயர். இங்கிலாந்தின் பழைய கால்வாய்களை ஒட்டிய சிற்றூர்களில் உள்ள பப்கள் இன்று நண்பகல் உணவுக்கும் ஞாயிற்றுக்கிழமை விருந்துக்கும் பெயர் பெற்றவை. எனினும் இவை உணவகங்களாகத் தோன்றியவை அல்ல. மரபுணவு என்று பயணிகளுக்கு வழங்கப்படுவனவற்றுள் பல, பப்களின் உணவுப் பட்டியலில் 20 ஆம் நூற்றாண்டின் பிற்பாதியிலேயே இடம்பெற்றன. பியர் விற்பனையை மட்டும் நம்பிப் பிழைக்க முடியாத நிலை வந்தபோது பல சிற்றூர்ப் பப்களைத் தாங்கி நின்றது அவற்றின் சமையலறையே ஆகும்.

தோற்றம்

18 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 19 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் நிலக்கரி, தானியம், மட்பாண்டம் போன்றவற்றைக் கொண்டு செல்வதற்காக இங்கிலாந்தெங்கும் கால்வாய்கள் வெட்டப்பட்டன. "நாரோபோட்" எனப்படும் ஒடுங்கிய படகுகள் ஏறத்தாழ 70 அடி நீளமும் 7 அடி அகலமும் கொண்டவை. கரையோரப் பாதையில் நடந்து செல்லும் குதிரை அவற்றை இழுத்தது. குதிரைக்கு இரவில் லாயமும், படகோட்டிக்கு இளைப்பாற ஓர் இடமும் தேவைப்பட்டன. நீர்மட்டம் மாறும் இடங்களில் படகை ஏற்றி இறக்குவதற்கு "லாக்" எனப்படும் கதவிட்ட நீர்த்தொட்டிகள் உண்டு. படகுகள் முறைக்காகக் காத்து நின்ற இத்தொட்டிகளின் அருகிலும், சுரங்க வாயில்களிலும், சரக்குத் துறைகளிலும் பப்கள் தோன்றின. வரி செலுத்தும் வீட்டுக்காரர் எவரும் 2 கினி கட்டி உரிமம் பெற்றுப் பியர் விற்கலாம் என்று 1830 ஆம் ஆண்டின் சட்டம் வழி செய்தபின் பியர்க்கடைகள் பெருகின.

இப்பப்களின் பெயர்களே அவற்றின் தோற்றத்தைச் சொல்லும். "போட்", "ஆங்கர்", "நாவிகேஷன்" என்பன அடிக்கடி காணப்படும் பெயர்கள். கடலே இல்லாத ஊரில் நங்கூரம் எதற்கு என்று வியப்பவர் உண்டு. "நாவிகேஷன்" என்னும் சொல் அக்காலத்தில் கால்வாயையே குறித்தது; அதை வெட்டிய கூலியாட்கள் "நாவி" எனப்பட்டனர்.

ஸ்டோக் புரூவர்ன்

இவ்வகை ஊர்களுக்கு நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு நார்தாம்ப்டன்சையரில் உள்ள ஸ்டோக் புரூவர்ன் ஆகும். இலண்டனை இங்கிலாந்தின் நடுப்பகுதியுடன் இணைத்த கிராண்ட் ஜங்சன் கால்வாய் இவ்வூரின் நடுவே செல்கிறது. 1929 இல் இது கிராண்ட் யூனியன் கால்வாயின் பகுதியாயிற்று. ஊருக்குத் தெற்கே ஏழு லாக்குகள் படிபோல் அமைந்துள்ளன. வடக்கே 2,813 மீட்டர் நீளமுள்ள பிலிஸ்வர்த் சுரங்கம் உள்ளது. 1805 இல் திறக்கப்பட்ட இச்சுரங்கத்தினுள் குதிரை நடக்கப் பாதை இல்லை. குதிரையை மலைமேலாக நடத்திச் செல்ல, ஆட்கள் படகின் மேல் மல்லாந்து படுத்து, சுவரைக் கால்களால் உதைத்து உதைத்துப் படகை நகர்த்தினர். 1871 இல் நீராவி இழுவைப் படகுகள் வரும்வரை இதுவே வழக்கமாக இருந்தது.

மேல் லாக்கின் அருகில் கூரை வேய்ந்த கல் வீடுகளின் வரிசையில் "போட் இன்" என்னும் பப் அமைந்துள்ளது. இது 1877 முதல் நூறு ஆண்டுகளுக்கும் மேலாக ஒரே குடும்பத்தால் நடத்தப்பட்டது. எதிர்க்கரையில், பழைய தானியக் கட்டடம் ஒன்றில், 1963 இல் கால்வாய் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. வேலை எதுவுமின்றிக் கரையில் நின்று படகுகளை வேடிக்கை பார்ப்போருக்கு "கொங்கூசிலர்" என்று படகுக்காரர் ஒரு பெயர் வைத்திருந்தனர். இன்று இவ்வூர்ப் பப்களில் உண்போரில் பெரும்பாலோர் இவ்வகையினரே.

படகுக் குடும்பங்களின் உணவு

19 ஆம் நூற்றாண்டில் தொடர்வண்டியின் போட்டியால் சரக்குக் கட்டணம் வீழ்ந்தது. தரையில் வீடு வைத்திருக்க இயலாத பல படகோட்டிகள் மனைவி மக்களுடன் படகிலேயே குடியேறினர். ஏறத்தாழ 10 அடிக்கு 7 அடி அளவுள்ள ஓர் அறையே அவர்களுக்குப் படுக்கையறையும் சமையலறையும் ஆயிற்று. குடியிருப்பாகப் பயன்படும் படகுகளைப் பதிவு செய்யவேண்டும் என்னும் சட்டம் 1877 இல் வந்தது.

இக்குடும்பங்கள் பப்பில் அமர்ந்து உண்டன என்று எண்ணுவது பிழை. கதவருகே இருந்த சிறிய நிலக்கரி அடுப்பில் இறைச்சியும் கிழங்கும் இட்ட பானை வெந்துகொண்டிருக்க, படகு ஓடிக்கொண்டே இருக்கும். நின்றால் கூலி இல்லை. பப்பில் அவர்களுக்குக் கிடைத்தவை பியர், லாயம், ஊர்ச்செய்தி, சில இடங்களில் மளிகைப் பொருள் ஆகியவையே. பசித்தவருக்கு ரொட்டியும் பாலாடைக்கட்டியும் இருந்தன. இன்று நாம் "படகோட்டி உணவு" என்ற பெயரில் தட்டு நிறையக் காண்பவை அன்று படகோட்டி கண்டிராதவை.

உணவு வந்த வழி

1962-63 ஆம் ஆண்டுக் கடுங்குளிரில் கால்வாய்கள் வாரக்கணக்கில் உறைந்து கிடந்தன. எஞ்சியிருந்த சரக்குப் போக்குவரத்தின் பெரும்பகுதி அத்துடன் முடிந்தது. 1968 ஆம் ஆண்டின் போக்குவரத்துச் சட்டம் பல கால்வாய்களை உல்லாசப் படகுப் பயணத்திற்கு உரியவையாக வகைப்படுத்தியது. இதற்கிடையே 1967 இல், இரத்தத்தில் 100 மில்லிலீட்டருக்கு 80 மில்லிகிராமுக்கு மேல் ஆல்ககால் உள்ளவர் வண்டி ஓட்டக்கூடாது என்ற வரம்பு வந்தது. வண்டியில் மட்டுமே சென்றடையக்கூடிய நாட்டுப்புறப் பப்பிற்கு இது பெரிய அடி. குடிப்பது குறைந்தால் உண்பது கூடவேண்டும். உறைபதனப் பெட்டியும் எண்ணெய்ப் பொரிப்பானும் வந்தன. கூடையில் வைத்த பொரித்த கோழியும் இறாலை ஒத்த "ஸ்கேம்பி"யும் பரவின.

"பிளவ்மன்ஸ் லஞ்ச்", அதாவது உழவர் பகலுணவு, இதில் சுவையான கதை. ரொட்டி, பாலாடைக்கட்டி, வெங்காயம், பியர் ஆகியவற்றை உழவர்கள் பன்னெடுங்காலமாக உண்டுவந்தது உண்மை. ஆனால் அதற்கு இப்பெயர் சூட்டிப் பப்களில் பரப்பியது 1950களிலும் 1960களிலும் நடந்த பாலாடைக்கட்டி விளம்பரமாகும். போர்க்காலப் பங்கீடு 1954 இல் முடிவுற்றபின், மக்களை மீண்டும் பாலாடைக்கட்டி வாங்கச் செய்வதே நோக்கம். இத்தட்டில் வரும் "பிக்கிள்" நம் ஊறுகாயைப் போன்றதன்று. வினிகரும் சர்க்கரையும் சேர்ந்த இனிப்புப் புளிப்புக் காய்க் கலவையாகும்.

ஞாயிற்றுக்கிழமை விருந்து இதைவிடப் பழையது. வீட்டிலிருந்து பப்பிற்கு வந்தது. வாட்டிய மாட்டிறைச்சி, ஆட்டிறைச்சி அல்லது பன்றியிறைச்சியுடன் வறுத்த உருளைக்கிழங்கு, அவித்த காய்கள், இறைச்சிச் சாற்றுக் குழம்பு ஆகியவை இருக்கும். உடன் வரும் "யார்க்சையர் புட்டிங்" பெயரால் இனிப்புப் போல் தோன்றினாலும், மாவு, முட்டை, பால் கலந்து சூடான கொழுப்பில் உப்பவைத்த உப்புப் பண்டமே. ஏல் என்னும் பியர் வகையில் வேகவைத்த மாட்டிறைச்சிப் பையும், மீனும் சிப்சும் ஏறக்குறைய எல்லாப் பப்களிலும் உண்டு. மரக்கறி உணவுகளும் இப்போது எளிதில் கிடைக்கின்றன. ஆயினும் குழம்பும் பொரிக்கும் கொழுப்பும் எதிலிருந்து வந்தவை என்று கேட்டறிவது நன்று.

வழக்கங்கள்

பெரும்பாலான நாட்டுப்புறப் பப்களில் மேசையில் அமர்ந்தால் பணியாளர் தாமாக வருவதில்லை. மேசை எண்ணைப் பார்த்துக்கொண்டு, பட்டறைக்குச் சென்று, உணவையும் பானத்தையும் சொல்லிப் பணத்தையும் அங்கேயே செலுத்த வேண்டும். இதை அறியாத வெளிநாட்டார் நெடுநேரம் பசியோடு காத்திருப்பர். பட்டறையில் வரிசை இராது. ஆனால் யார் முன்னே வந்தார் என்பது அனைவருக்கும் தெரியும். முந்துவது பெருங்குற்றம். பப் திறந்திருக்கும் நேரமும் சமையலறை இயங்கும் நேரமும் ஒன்றல்ல. பிற்பகல் 3 மணிக்கு வந்தவருக்கு உருளைக்கிழங்கு வறுவல் பொட்டலம் மட்டுமே கிடைக்கக்கூடும். நாய்களுக்கு இடம் தரும் பப்கள் பல. 18 வயதுக்கு உட்பட்டோர் மது வாங்க இயலாது. எனினும் 16, 17 வயதினர் பெரியவர் ஒருவர் வாங்கித்தரும் பியர், வைன், சைடர் ஆகியவற்றை மேசை உணவுடன் அருந்தச் சட்டம் இடமளிக்கிறது.

நார்தாம்ப்டன்சையர்ப் பப்களில் ஒரு சிறு குழப்பத்திற்கும் இடமுண்டு. அங்கே "சீஸ்" என்பது பாலாடைக்கட்டியை மட்டுமன்றி, மேசை மீதுள்ள ஒன்பது கட்டைகளை வீழ்த்த எறியும் தட்டையான மரத்துண்டையும் குறிக்கும்.

இன்றைய நிலை

இங்கிலாந்தில் பப்கள் தொடர்ந்து மூடப்பட்டு வருகின்றன. கடைகளில் பியர் மலிவாகக் கிடைப்பது, வரி, எரிபொருள் விலை, கட்டடத்தை வீடாக மாற்றி விற்றால் கிடைக்கும் ஆதாயம் என்பன காரணங்களாகக் கூறப்படுகின்றன. கால்வாயோரப் பப்பிற்குப் பருவமும் ஒரு சிக்கல்: கோடையில் இடம் போதாது, குளிர்காலத்தில் படகே வராது. கோவிட்-19 பரவலின்போது 2020 திசம்பரில், இங்கிலாந்தின் பல பகுதிகளில் "கணிசமான உணவு" உண்போருக்கு மட்டுமே பப்கள் மது வழங்கலாம் என்று விதிக்கப்பட்டது. இறைச்சிப் பொதிவுள்ள ஒற்றை முட்டையான "ஸ்காட்ச் எக்" கணிசமான உணவா என்று அமைச்சர்களிடமே கேட்கப்பட்டது. நகைப்புக்கு இடமளித்தாலும், சமையலறை இல்லாத பப்களுக்கு இவ்விதி கதவடைப்பாகவே அமைந்தது.

2011 ஆம் ஆண்டின் உள்ளூராட்சிச் சட்டத்தின்படி ஊர்மக்கள் தங்கள் பப்பைச் சமூக மதிப்புள்ள சொத்தாகப் பதியக் கோரலாம். அவ்வாறு பதியப்பட்ட பப் விற்பனைக்கு வந்தால், பணம் திரட்டி விலை கேட்க அவர்களுக்கு ஆறு மாத அவகாசம் கிடைக்கும். உரிமையாளர் அவர்களுக்கே விற்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 2017 முதல், பப்பை இடிப்பதற்கும் வேறு பயனுக்கு மாற்றுவதற்கும் திட்டமிடல் அனுமதி பெறவேண்டும்.