கிட்னி கேன்சருக்கு இன்னொருத்தரோட ஸ்டெம் செல்

ஸ்டெம் செல் மாற்று சிகிச்சைன்னாலே நமக்கு ரத்தப் புற்றுநோய்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனா கிட்னியில தொடங்கி உடம்புல மற்ற இடங்களுக்கும் பரவின புற்றுநோய்க்கு அதைக் கொடுத்துப் பார்த்த ஒரு காலம் இருந்தது. இன்னைக்கு அந்த வரலாறுதான்.

முதல்ல 1979. இன்னொருத்தரோட எலும்பு மஜ்ஜையை ஏற்றும்போது, அதுல வர்ற நோய் எதிர்ப்பு செல்கள் நோயாளியோட தோல், கல்லீரல், குடலை அந்நியமா நினைச்சுத் தாக்கும். ஆளையே கொல்லக்கூடிய பக்கவிளைவு அது. ஆனா அமெரிக்காவுல சியாட்டில் நகரத்து டாக்டர்கள் கணக்குப் போட்டுப் பார்த்தா, அந்தத் தாக்குதல் வந்தவங்களுக்கு ரத்தப் புற்றுநோய் திரும்பி வர்றது குறைவா இருந்தது. அப்போ புது செல்கள் புற்றுநோயையும் சேர்த்தே அடிக்குது!

அடுத்த கேள்வி: இதே செல்கள் ஒரு கட்டியையும் அடிக்குமா?

அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்துல ரிச்சர்ட் சைல்ட்ஸ் குழு இதைச் சோதிச்சாங்க. கிட்னி கேன்சரை ஏன் எடுத்தாங்க? எதிர்ப்பு சக்தியைத் தூண்டுற மருந்துக்கு ஏற்கெனவே சிலர்கிட்ட அது சுருங்கியிருந்தது. மத்த சிகிச்சை கைகொடுக்காத 19 பேருக்கு, மஜ்ஜையை முழுசா அழிக்காத மிதமான கீமோ கொடுத்து, கூடப்பிறந்தவங்களோட ஸ்டெம் செல்லை ஏற்றினாங்க.

2000ல முடிவு வெளியானது. 10 பேருக்குக் கட்டி சுருங்கியது. அதுல 3 பேருக்கு மொத்தமா மறைஞ்சது. அதுவும் உடனே இல்ல, மாசக்கணக்கு கழிச்சு. கீமோ வேலையா இருந்தா இவ்வளவு தாமதம் ஆகாது. அடிச்சது தானம் கொடுத்தவரோட செல்கள். ஆனா 2 பேர் சிகிச்சையாலேயே இறந்தாங்க. 8 பேர் நோய் முற்றி இறந்தாங்க.

2005, 2006ல சொராஃபெனிப், சுனிடினிப் மாத்திரைகள் வந்தன. 2015ல நிவோலுமாப், நோயாளியோட சொந்த எதிர்ப்பு செல்களையே தூண்டிவிடுற மருந்து. இவ்வளவு ஆபத்தான மாற்று சிகிச்சையை அதுக்கப்புறம் யார் தேர்ந்தெடுப்பாங்க?

ஆனா கதை முடியல. கட்டி சுருங்கின ஒரு நோயாளியோட டி செல்கள் எதைப் பார்த்து அடிச்சதுன்னு அதே குழு தேடினாங்க. 2008ல விடை கிடைச்சது. நம்ம முன்னோர்களோட டி.என்.ஏ-வுல எப்பவோ புகுந்து தங்கிட்ட ஒரு பழைய வைரஸோட மிச்சம்! கோட்ல யாரும் தொடாத பழைய ஃபங்ஷன் மாதிரி சும்மா கிடந்தது, கிட்னி கேன்சர் செல்லுல மட்டும் ஆன் ஆகியிருந்தது. அதைக் குறிவைக்கிற டி செல் சிகிச்சை அப்புறம் மனுஷங்கள்கிட்ட சோதனைக்கும் போச்சு.

அதனால ‘எந்தக் கட்டிக்கும் ஸ்டெம் செல்’னு யாராவது விளம்பரம் அனுப்பினா நிதானமா இருங்க. கட்டிகளுக்கு இது இன்னைக்கு வழக்கமான சிகிச்சை இல்ல. ஆனா இதைத் தோல்வின்னு ஒரே வார்த்தையில மூடிடவும் வேணாம். இன்னொருத்தரோட செல்லால ஒரு கட்டியைக் கரைக்க முடியும்னு காட்டினது அந்த 19 பேர்தான். அதுக்கான விலையையும் அவங்கதான் கொடுத்தாங்க.