சாப்பிட்டுப் பெற்ற பட்டம்

சாப்பிட்டே வக்கீலாகலாம் என்றால் நம் ஊரில் போட்டி பலமாக இருக்கும். லண்டனில் ஒரு காலத்தில் அது வேடிக்கையல்ல, விதியாகவே இருந்தது. பாரிஸ்டராக விரும்புகிறவர் அங்குள்ள நான்கு 'இன்'களில் ஒன்றில் சேர வேண்டும். 'இன்' என்றால் சத்திரம், பெயர் பொருத்தந்தான். காந்திஜியின் காலத்தில் பன்னிரண்டு பருவங்கள், பருவத்துக்கு ஆறு விருந்து. சாப்பிட வேண்டுமென்றுகூட இல்லை. நேரத்துக்கு வந்து, முடியும்வரை உட்கார்ந்திருந்தால் போதும்.

ஆதியில் இதற்கு அர்த்தம் இருந்தது. மாணவர்கள் சொற்பம், சட்டமறிந்த பெரியவர்களுடன் உட்கார்ந்து உண்பதே பாடம். பிறகு பாடம் போயிற்று, பந்தி நின்றது.

1888-ல் இன்னர் டெம்பிளில் சேர்ந்தார் காந்திஜி. நாலு பேருக்கு இரண்டு புட்டி ஒயின் என்பது கணக்கு. மதுவைத் தொடாத அவரைத் தங்கள் பந்தியில் சேர்த்துக்கொள்ள மற்றவர்களுக்குள் ஏகப் போட்டி! பரீட்சைகளும் இருந்தன, தவறுகிறவர்கள் குறைவு. அவரோ ரோமன் சட்டத்தை லத்தீனிலேயே படித்தார். 1891 ஜூன் 10-ல் பாரிஸ்டரானார், 12-ல் கப்பலேறினார். பம்பாயில் முதல் வழக்கு. குறுக்கு விசாரணைக்கு எழுந்தார், நா எழவில்லை. முப்பது ரூபாய் பீஸையும் திருப்பிக் கொடுத்துவிட்டார். குற்றம் அவருடையதா, பந்தியினுடையதா? பந்தியினுடையது என்றுதான் நான் சொல்லுவேன்.

இன்னொரு பாதையும் இருந்தது. தஞ்சை ஜில்லாவில் 1832-ல் பிறந்த முத்துசாமி ஐயர், சிறு வயதில் கிராமக் கணக்கரிடம் மாதம் ஒரு ரூபாய்க்கு வேலை பார்த்தவர். ஒரு தாசில்தாரின் தயவால் சென்னைக்குப் படிக்கப் போனார், பிளீடர் பரீட்சை தேறினார், முன்சீப் ஆனார். 1878-ல் சென்னை ஹைகோர்ட்டின் முதல் இந்திய நீதிபதி. பாரிஸ்டர் அல்லர். ஆனாலும் கப்பலேறி வந்தவருக்கு ஒரு மவுசு, உள்ளூர் வக்கீலுக்கு ஒரு படி கீழே என்பது நெடுங்காலம் நடந்தது. 1961-ம் வருஷத்து வழக்கறிஞர் சட்டம்தான் எல்லாரையும் 'அட்வகேட்' என்ற ஒரே பெயருக்குள் கொண்டுவந்தது.

காசில்லாதவனுக்காவது உள்ளூர்ப் பாதை என்று ஒன்று இருந்தது. கார்னீலியா சொராப்ஜிக்கு அதுவும் இல்லை. 1892-ல் ஆக்ஸ்போர்டில் சட்டப் பரீட்சை எழுதித் தேறினார், முதல் பெண். பெண் என்பதால் பட்டத்தை மட்டும் கொடுக்கவில்லை. அது கைக்கு வந்தது 1922-ல். பெண்களும் வழக்கறிஞராகலாம் என்று இந்தியாவில் சட்டம் செய்தது 1923-ல். அப்போது அந்த அம்மாளுக்கு ஐம்பத்தாறு வயது கடந்திருந்தது.